பிடியரிசி டப்பாவின் கனம்

போன மாதம் எங்கள் சபை வாலிபர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லிப் போதகர் என்னைப் பிடித்துக்கொண்டார். தலைப்பையும் அவரே எழுதித் தந்தார்: ‘கிறிஸ்தவத் தலைமைத்துவம்: குணமும் ஐக்கியமும்’. நான் யாங்கோன் பயின்னாவுங் மொத்தச் சந்தையில் ஒரு பருப்புக் கடையில் கணக்கெழுதுகிறவன். உளுந்து இன்றைக்கு என்ன விலை, சென்னைக்குப் போகிற கன்டெய்னரில் எத்தனை மூட்டை ஏறியது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். தலைமைத்துவத்தைப் பற்றிப் பேச என்னை ஏன் கூப்பிடுகிறார் என்று முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. 2008ல் நடந்ததை அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நோட்டு எதுவும் கொண்டுபோகவில்லை. ஒரு பழைய பால்மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன்.

பிடியரிசி என்றால் தமிழ்நாட்டுக் கிராமத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிட வேண்டும். வாரக் கடைசியில் சபையிலிருந்து ஆள் வந்து வாங்கிப்போவார். மிசோரம் சபைகளில் 1910 முதல் இதே வழக்கம் இருக்கிறது. அங்கே அது பெரிய ஊழியமாகவே வளர்ந்துவிட்டது. எங்கள் சபையில் இதைத் தொடங்கியவர்கள் 1964க்குப் பிறகு இங்கேயே தங்கிவிட்ட பெண்கள்.

1964 என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் குண்டு போட்டான். அதன்பிறகு லட்சக்கணக்கில் ஆட்கள் நடந்தே இந்தியாவுக்குப் போனார்கள். யுத்தம் முடிந்து திரும்பி வந்தவர்களை 1962க்குப் பின் வந்த ராணுவ ஆட்சி அசைத்தது. 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமை. மே மாதம் 50, 100 ரூபாய் நோட்டுகள் செல்லாது (பர்மியப் பணமான ஜாட்டை எங்கள் வீட்டில் இன்றும் ரூபாய் என்றுதான் சொல்வோம்). சனங்கள் மதராஸ் கப்பலுக்கு வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு எங்கள் சபையில் இருந்த போதகரும் குடும்பத்தோடு கப்பல் ஏறினார். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். 1965ல் மிஷன் பள்ளிகள் போயின. 1966ல் வெளிநாட்டு மிஷனரிகளும் போக வேண்டியதாயிற்று. எங்கள் சபையில் மிஞ்சியது 11 குடும்பம், ஒரு ஆர்மோனியம், ஓட்டைக் கூரை.

போதகர் இல்லை, சம்பளம் கொடுக்க வழியும் இல்லை. திருவிருந்துக்கு மட்டும் எப்போதாவது வேறு சபைப் போதகர் வருவார். மற்ற ஞாயிறெல்லாம் ஒரு தையற்காரரும் ரயில்வே குமாஸ்தா ஒருவரும் மாறி மாறி வேதம் வாசித்தார்கள். பெண்கள் பிடியரிசி சேர்த்து, இல்லாத வீட்டுக்குக் கொடுத்து, மிச்சத்தை விற்று விளக்குக்கு எண்ணெய் வாங்கினார்கள். ‘தலைமைத்துவம்’ என்ற சொல்லை அவர்களில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சபை இருந்தது. இப்போது பாருங்கள், பயிற்சி முகாம், சான்றிதழ், குழு போட்டோ எல்லாம் இருக்கிறது.

அந்த ரயில்வே குமாஸ்தாதான் நாங்கள் ‘கணக்கு தாத்தா’ என்று கூப்பிட்டவர். அவரைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன்.

1987 செப்டம்பர் 5. வானொலியில் அறிவிப்பு: 25, 35, 75 ஜாட் நோட்டுகள் இனி செல்லாது. மாற்றிக்கொள்ளவும் முடியாது. (அப்புறம் கொண்டுவந்த நோட்டுகள் 45, 90. ஒன்பதால் வகுபடும் எண்கள். அது ராணுவ ஆட்சித் தலைவர் நே வின்னின் ராசி எண் என்று ஊரே பேசிக்கொண்டது.) எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா கையில் இருந்த 75 ஜாட் நோட்டை என்னிடம் கொடுத்து, “இந்தா, கப்பல் செய்துக்கோ” என்று சொன்னது நினைவிருக்கிறது. அவர் சிரிக்கவில்லை.

சபையின் கூரை நிதி முழுவதும் கணக்கு தாத்தா வீட்டில், ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில், பெரும்பாலும் 75 ஜாட் நோட்டுகளாக இருந்தது. சில்லறையாக வைத்தால் பெட்டி கொள்ளவில்லை என்று அவர்தான் மாற்றி வைத்திருந்தார். மறு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, “நோட்டை மாத்தி வச்சது என் யோசனை. நான் கட்டிடறேன்” என்றார். யாரும் கேட்கவில்லை. அரசாங்கம் செய்த வேலைக்கு இவர் ஏன் கட்ட வேண்டும்? ஆனால் அவர் மாதாமாதம் கட்டினார். கணக்குப் புத்தகத்தில் ‘கூரை நிதி, திரும்பி வந்தது’ என்று சிறிய எழுத்தில் வரிகள் இருக்கின்றன. பின்னாளில் நானே பார்த்தேன். சில மாதம் ஐந்து ஜாட், சில மாதம் இரண்டு.

பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவர் கட்ட ஆரம்பித்த இரண்டாம் மாதமே பிடியரிசியில் ஒரு பங்கை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அவர் வேண்டாம் என்று கத்தினாராம். என் பாட்டி வாசலில் நின்றபடி, “குடுக்கத் தெரிஞ்சவருக்கு வாங்கத் தெரியாதோ?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். தாத்தா ரோஷக்காரர். அந்த அரிசியில் பொங்கிய சோற்றைச் சாப்பிட அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். கடனைக் கட்டியதைவிட அதுதான் பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது. கட்டிக்கொண்டே இருந்திருந்தால் அவர் ஊருக்குப் பெரிய மனிதராக ஆகியிருப்பார், அவ்வளவுதான். அரிசி வாங்கிச் சாப்பிட்டதால்தான் அவர் எங்களில் ஒருவராக இருந்தார்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில், மூன்றாம் அதிகாரத்தில், கண்காணிக்கு, அதாவது சபையை நடத்துகிறவனுக்கு, என்னென்ன தகுதி வேண்டும் என்று ஒரு பட்டியல் வருகிறது. மூப்பர் தேர்தலன்று மட்டும் வாசித்துவிட்டு மறந்துவிடுவோம். கணக்குக்காரன் புத்தியில் ஒருநாள் அதை இரண்டு கலமாகப் பிரித்துப் பார்த்தேன். திறமை என்ற கலத்தில் விழுந்தது ஒன்றே ஒன்று: போதிக்கத் தெரிந்தவன். மீதி எல்லாம் மற்றக் கலத்தில். குடிக்காதவன், அடிக்காதவன், பண ஆசை இல்லாதவன், அந்நியரை உபசரிக்கிறவன், சொந்த வீட்டை ஒழுங்காக நடத்துகிறவன், புதிதாக வந்து தலைகனத்துப் போகாதவன். கடைசியில், புறம்பானவர்களாலும் நற்சாட்சி பெற்றவன்.

இதில் எதற்கும் ஒருவன் தனக்குத்தானே சான்று எழுதிக்கொள்ள முடியாது. மனைவி சொல்ல வேண்டும், அண்டை வீட்டார் சொல்ல வேண்டும், கடன் கொடுத்தவன் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ‘புறம்பானவர்கள்’ என்றால் அது வெறும் வேதச் சொல் இல்லை. எதிர்வீட்டு பர்மியர், முனைக் கடை முஸ்லிம் பாய், காளி கோயில் திருவிழாவுக்கு வரி வசூலிக்க வருகிற அண்ணன். சபைக்குள் நூறு பேர் என்றால் சுற்றிலும் ஆயிரம் கண்.

சரி, இனி என் கதை.

2008 மே 2, வெள்ளிக்கிழமை ராத்திரி நர்கீஸ் புயல். ஐராவதி முகத்துவாரத்தில் ஊர் ஊராக அழிந்துபோனது. செத்தவர்களும் காணாமல் போனவர்களும் சுமார் 1,38,000 பேர். அதைப் பார்த்தால் யாங்கோனில் எங்களுக்கு நடந்தது ஒன்றுமில்லை. ஆனாலும் விடிந்து பார்த்தபோது டமுவேயில் எங்கள் தெருவில் நூறு வருட மரங்கள் வேரோடு கிடந்தன, பாதி வீடுகளுக்குத் தகரக் கூரை இல்லை. மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை. வெளிநாட்டு உதவியை அரசு வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. அந்தக் கூத்துக்கு நடுவில் மே 10 அன்று புது அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு; எங்கள் ஊர் மாதிரி புயலில் அடிபட்ட இடங்களுக்கு மட்டும் பெரிய மனசு பண்ணி 24க்குத் தள்ளி வைத்தார்கள். அந்த நாட்களில் சனங்களைக் காப்பாற்றியது பௌத்த மடங்களும் பள்ளிவாசல்களும் சபைகளும் தெருப் பையன்களும்தான்.

எனக்கு 29 வயது, வாலிபர் சங்கச் செயலாளர். தமிழ்நாட்டில் ஆறு மாதம் ஒரு வேதாகமப் பயிற்சி முடித்து வந்திருந்தேன். நன்றாகப் பேசுவேன், அதைவிட நன்றாக ஜெபிப்பேன். எங்கள் சபைக்கு 40 நீலத் தார்ப்பாய்கள் வந்தன. பட்டியல் எழுதுகிற வேலை எனக்கு. மூன்று நாள் தூங்காமல் ஓடினேன். மரக்கிளைகளை வெட்டி, கிழவிகளைத் தூக்கி, மூட்டை சுமந்து. மூன்றாம் நாள் இருட்டில் என் பங்குத் தார்ப்பாயை எடுத்தபோது, கை தானாக இன்னொன்றையும் எடுத்தது. எங்கள் பின்கட்டு அடுக்களைக்கும் கூரை இல்லைதானே. இத்தனை ஓடியவனுக்குக் கூடுதலாக ஒன்று வேண்டாமா?

அந்த நேரத்தில் அது திருட்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை, சத்தியமாக. சும்மா உட்கார்ந்திருந்தவன் அந்த இரண்டாவது தார்ப்பாயைத் தொடத் தயங்கியிருப்பான். உழைத்தவனுக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும். ஊழியத்தில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நமக்கு வருகிற சோதனை பெரும்பாலும் களைப்பின் தோளில் ஏறித்தான் வருகிறது.

மாதக் கடைசியில் கணக்கு தாத்தா புத்தகத்தோடு வந்தார். எங்கள் சபையில் ஒரு பழக்கம்: வரவு செலவு எதுவானாலும் ஒரு தாளில் எழுதிக் கோயில் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுவோம். எல்லாப் பெயருக்கும் நேராக ‘1’ போட்டுவிட்டு, என் பெயருக்கு நேராக மட்டும் இடம் விட்டிருந்தார். “நீயே எழுதுப்பா” என்றார். நான் 1 என்று எழுதினேன். கூட்டினால் 39. வந்தது 40. நானும் கணக்கெழுதுகிறவன்தானே, இடிக்கும் என்று தெரியாதா? கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: ‘கிழிந்தது – 1’.

தாத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“கிழிஞ்சதை எங்கப்பா வச்சிருக்கே? தச்சுக்கலாமே.”

“தூக்கிப் போட்டுட்டேன் தாத்தா.”

“சரி” என்றார். தாளைக் கொண்டுபோய் ஒட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டுக்குப் பின்வீட்டில் இருந்த பெரியம்மா எப்போதும்போல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு வந்தார். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை. விரல் என் பெயரில் நின்றது. அவர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் எங்கள் கூரை தெரியும். முன்பக்கம் ஒரு நீலம், பின்பக்கம் ஒரு நீலம். என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

இங்கே பர்மியச் சொல் இரண்டைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பர்மியத்தில் ‘ஆனா’ என்றால் அதிகாரம். பாலியிலிருந்து வந்த சொல். நம் ‘ஆணை’க்குச் சொந்தக்காரன். ‘ஆனாடெ’ என்று இன்னொன்று இருக்கிறது. அதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் இல்லை. அடுத்தவர் மனம் கோணுமே, முகம் சுண்டிவிடுமே என்று நம் வாயை நாமே கட்டிக்கொள்ளும் கூச்சம். டீக்கடையில் பாக்கிச் சில்லறையைக் கேட்காமல் வருவது ஆனாடெ. பெரியவர் தப்பாகச் சொன்னாலும் தலையாட்டுவது ஆனாடெ. பர்மியர் சுரத்தை மாற்றிச் சொல்வார்கள், ஆனால் தமிழ்க் காதுக்கு இரண்டின் தொடக்கமும் ஒன்றுபோலத்தான் கேட்கும். கேட்பது மட்டுமா? மேலே இருப்பவனிடம் ஒன்று, கீழே இருப்பவர்களிடம் மற்றது, சேர்ந்தே வளரும். நல்ல பழக்கம்தான், மரியாதையான பழக்கம். இந்த நாட்டில் பக்கத்துப் பக்கத்தில் இத்தனை சாதி, இத்தனை மதம் சேர்ந்து வாழ அதுவும் ஒரு காரணம். ஆனால் சபையில் ஒரு தலைவன் கெட்டுப்போக அதைவிட நல்ல உரம் கிடையாது.

உரம் என்றதும் மூன்றாவது சொல்லும் ஞாபகம் வருகிறது: ‘ஓஸா’. ஒருவர் பேச்சுக்கு மற்றவர்கள் மனமுவந்து கட்டுப்படுகிறார்களே, அந்தச் செல்வாக்கு. ‘ம்யே ஓஸா’ என்றால் நிலத்து எரு. அதிகாரத்தைக் குறிக்க ஒரு சொல், மண்ணின் சத்தோடு ஒட்டிய செல்வாக்குக்கு வேறொரு சொல் என்று இந்த மொழி பிரித்து வைத்திருப்பதை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. தமிழில் இரண்டையும் நாம் ‘தலைமை’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

மூன்று வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. நான் ஜெபக் கூட்டம் நடத்தினேன், பாட்டுக் கற்றுக்கொடுத்தேன். ஆனால் வாலிபர்கள் என் கண்ணைப் பார்க்கவில்லை. நான்காவது வாரம் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார், பிடியரிசி டப்பா வாங்க. அம்மாவும் இருந்தார். டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு, அடுக்களைக் கூரையை அண்ணாந்து பார்த்து, “தம்பி, கிழிஞ்ச தார்ப்பாய் நல்லாத்தானே இருக்கு?” என்றார்.

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடியுமுன் எழுந்து நின்று சொன்னேன். கதவுக்குப் பின்னால் போய் ‘கிழிந்தது’ என்ற வரியை அடித்து, என் பெயருக்கு நேராக 2 என்று எழுதினேன். கை நடுங்கி 2 கோணலாக விழுந்தது. பிறகு தாத்தாவிடம், “உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே? ஏன் கேக்கலை?” என்றேன். ஏதாவது ஞானமாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “உங்கப்பன் எனக்குச் செஞ்ச உதவி நிறையப்பா. எனக்கு ஆனாடெ. நான்தான் கேட்டிருக்கணும்” என்றார். எண்பதை நெருங்கியவர், என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் நின்றார்.

இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். தாத்தாவுக்குக் குணம் குறைவா? நோட்டுக் கடனை வருடக்கணக்கில் கட்டியவர். ஆனாலும் அந்த ஒரு இடத்தில் அவருடைய நல்ல குணமே, அந்த நன்றியே, வாயைக் கட்டிவிட்டது. அவர் விட்டதை எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஒரு பெரியம்மா பிடித்தார். குணம் என்பது ஒருவர் தன் சட்டைப்பையில் வைத்திருக்கிற சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சபையில் அது அப்படி இல்லை. கைமாற்றாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டே இருந்தது.

எனக்குச் செயலாளர் பதவி போயிற்று. யாரும் விலக்கவில்லை, நானே எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் உடனே வாங்கிக்கொண்டார்கள். பெரியம்மாதான் சொன்னார், “ஒரு வருஷம் டப்பா தூக்கட்டும்.” சனிக்கிழமைதோறும் வீடு வீடாகப் போய்ப் பிடியரிசி வாங்கி வரும் வேலை.

இங்கே அரிசியைக் கன்டென்ஸ்டு மில்க் டப்பாவால் அளப்பார்கள். எட்டு டப்பா ஒரு பியீ. இல்லாத வீடுகளில் மூட்டையாக வாங்க மாட்டார்கள். அன்றன்றைக்கு முனைக் கடையில் இரண்டு டப்பா, மூன்று டப்பா. இன்றைக்கு ஒரு ரகம், நாளைக்கு வேறு ரகம். அதனால் ஏழு நாள் பிடி போட்ட டப்பாவைக் கவிழ்த்தால் அரிசி கலவையாக விழும்: ஒன்று நீளம், ஒன்று குட்டை, கொஞ்சம் நொய், கொஞ்சம் பழுப்பு. மூன்று நான்கு மாதத்தில் எந்த டப்பா எந்த வீட்டுடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு எனக்குக் கனம் பழகிவிட்டது. கனம் குறைந்தால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். யாருக்கோ வேலை போயிருக்கும், இல்லை குடி.

ஒரு வீட்டு டப்பா மட்டும் எப்போதும் நிறைந்தே இருந்தது. எனக்குச் சந்தோஷம். ஒருநாள் கவிழ்க்கும்போதுதான் கவனித்தேன்: எல்லாம் ஒரே ரகம். ஒரே வெள்ளை. நான் வருவதற்கு முன் ஒரே தடவையில் கொட்டி நிரப்பியது. அப்படியென்றால் ஏழு நாளும் பிடி போடவில்லை. போட முடியவில்லை. சபை ஆள் முன்னால் டப்பா காலியாக இருக்கக் கூடாது என்று எங்கேயோ கடன் வாங்கி நிரப்பியிருக்கிறாள் அந்த அக்கா.

போய்க் கேட்டால் வீட்டுக்காரருக்கு அவமானம். பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. சபை அசனத்துக்கு (பொது விருந்துக்கு) வேண்டும் என்று அந்த அக்காவிடம் பெரிய சோற்றுப் பானையை இரவல் வாங்கினார். திருப்பிக் கொடுக்கும்போது பாத்திரத்தைச் சும்மா கொடுப்போமா? பானை நிறைய அரிசி போனது. அந்த வருடம் எங்கள் சபைக்கு அசனம் ஆறு தடவை நடந்தது. ஏன் இத்தனை அசனம் என்று போதகருக்குக் கடைசிவரை தெரியாது.

பயிற்சியில் ஆறு மாதம் உட்கார்ந்து நான் கற்காததை இதில் கற்றேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பயிற்சியைக் குறை சொல்வது நன்றியில்லாத வேலை. அங்கேதான் வேதத்தை ஒழுங்காக வாசிக்கப் பழகினேன். தவறு என்னவென்றால், பேச வைத்தார்கள், பேச்சுக்கு மதிப்பெண் போட்டார்கள், டப்பா தூக்க வைக்கவில்லை.

அந்த வருடத்தில்தான் அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனைப் பற்றியும் மறுபடி வாசித்தேன். பர்மாவில் கிறிஸ்தவனாக இருந்துகொண்டு ஜட்சனைத் தாண்டிப் போக முடியாது. 1813ல் ரங்கூனில் வந்து இறங்கினார். முதல் ஆள் ஞானஸ்நானம் பெற்றது 1819ல். ஆறு வருடத்துக்கு ஒரு ஆள்! 1824ல் ஆங்கிலேயரோடு யுத்தம் மூண்டதும் ஒற்றன் என்று அன்றைய தலைநகர் ஆவாவில் சிறையில் போட்டார்கள். அவர் எழுதிவைத்திருந்த பர்மியப் புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதியை மனைவி ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குள் அனுப்பினார். கல் மாதிரித் தலையணை, எவனும் ஆசைப்பட மாட்டான். கைதிகளை வேறு சிறைக்கு இழுத்துப் போன நாளில் காவலாளி மேலுறையைப் பிடுங்கிக்கொண்டு பஞ்சுக்கட்டை எறிந்துவிட்டான். ஐயா ஞாபகமாக இருக்கட்டும் என்று மாங் இங் என்ற சீடர் அதை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே. மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

பிரசங்கங்களில் ஜட்சனின் பொறுமையைச் சொல்வார்கள். எனக்கு மாங் இங் கண்ணில் நிற்கிறார்.

1826ல் ஆன் இறந்தார், சில மாதங்களில் குழந்தையும். ஜட்சன் உடைந்துபோய், காட்டோரம் குடிசை கட்டி, தனக்கென்று ஒரு குழி வெட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலமும் உண்டு. அவரை அப்படியே மேடையில் நிறுத்தி ‘தலைவர்’ என்றால் இன்றைக்கு யார் கைதட்டுவார்கள்? வேதாகம மொழிபெயர்ப்பை 1834ல் முடித்தார். இன்னொன்று: ஒரு கல்லூரி கொடுத்த கௌரவ டாக்டர் பட்டத்தை 1828ல் வேண்டாம் என்று எழுதிவிட்டார். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வருகிற கன்வென்ஷன் போஸ்டர்களில் ஊழியக்காரர் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். வேண்டாம், விடுங்கள்.

அதே 1828ல் ஞானஸ்நானம் பெற்றவர் கோ தா ப்யூ, கரேன் இனத்தவர். முப்பது கொலைகளில் சம்பந்தப்பட்டவர் என்று சொல்வார்கள். கடனுக்கு அடிமையாகக் கிடந்தவரைக் கடனைக் கட்டி மீட்டார்கள். முன்கோபம் லேசில் போகவில்லை, கூட இருந்தவர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு அவர்தான் கரேன் மலைகளில் ஊர் ஊராக நடந்தார். இன்றைக்கு இந்த நாட்டில் கரேன் சபைகள் எவ்வளவு பெரியவை என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டாம்.

இதையெல்லாம் வாலிபர் வகுப்பில் சொன்னேனா? பாதிதான் சொன்னேன். வகுப்பில் இருந்தது ஒன்பது பேர், அதில் ஆறு பெண்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவையை அறிவித்த பிறகு, 18லிருந்து 35க்குள் இருக்கிற பையன்கள் எப்படியாவது தாய்லாந்துக்கோ மலேசியாவுக்கோ போய்விடுகிறார்கள். ஆர்மோனியம் வாசிக்க ஆள் இல்லை. 1964 மாதிரியே இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெண்களுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. ஞானப்பாட்டுகளைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். கதவுக்குப் பின்னால் ஒட்டுகிற கணக்குத் தாளும் இப்போது பர்மிய எழுத்தில்தான். எழுதுகிறவள் 19 வயதுப் பெண், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. தாத்தாவும் பெரியம்மாவும் இல்லை.

டப்பாவை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து எடை சொல்லச் சொன்னேன். தார்ப்பாய்க் கதையையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, எனக்கோ மறுபடியும் ஆனாடெதான் என்று பயமாகிவிட்டது. அப்போது அந்தக் கணக்கெழுதுகிற பெண் கையைத் தூக்கினாள்.

“அண்ணா, அந்த ரெண்டாவது தார்ப்பாய் என்ன ஆச்சு?”

பக்கத்து வீட்டில் ஒரு பர்மியக்கார அக்கா இருந்தார். புருஷன் இல்லை, தெருமுனையில் பயாஜோ (பருப்பு வடை) பொரித்து விற்பவர். என் பட்டியலில் அவர் பெயர் இல்லை; சபைக்காரர் இல்லை என்று நானே விட்டிருந்தேன். நான் எழுந்து நின்று சொன்ன அன்றைக்குச் சாயங்காலமே பெரியம்மா இரண்டு பையன்களோடு வந்து, எங்கள் அடுக்களை மேலிருந்து அதை அவிழ்த்து, அந்த அக்கா வீட்டுக் கூரையில் கட்டிவிட்டுப் போனார். ஏன், எதற்கு என்று அந்த அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. மறுநாள் அவர் எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு பயாஜோ கொடுத்தனுப்பினார். அம்மா வாங்கி வைத்தார். நான் ஒன்றுகூட எடுக்கவில்லை.

எங்கள் வீட்டு ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும். மூன்று மழைக்காலம் அந்தத் தார்ப்பாய் அங்கேயே கிடந்தது. நீலம் வெளுத்து, ஓரம் நைந்து, கடைசியில் தகரம் போட்டபோது அதைச் சுருட்டி அடுப்புக்கு விறகு நனையாமல் மூடி வைத்தார்கள்.